பழைய ஸ்போர்ட்ஸ் காருக்குப் புது கார்பெட்: தரையை மட்டும் ஒட்டிவிடாதீர்கள்

புது கார்பெட் செட் கைக்கு வந்ததும் அதைக் காருக்குள் விரித்துப் பார்த்து, சரியாகத்தான் இருக்கிறது என்று திருப்திப்பட்டு, அடுத்த நிமிடமே பசை டப்பாவைத் திறப்பது எல்லோருக்கும் வருகிற ஆசை. நானும் அப்படித்தான் செய்தேன். என் எம்ஜிபியில் (பழைய பிரிட்டிஷ் இரண்டு சீட்டர்) சுவர், டனல் (சீட்டுகளுக்கு நடுவே கியர்பாக்ஸை மூடி நீளமாக ஓடும் மேடு), தரை என்று ஒரு இடம் விடாமல் ஒட்டித் தள்ளினேன். ஆறு மாதம் பார்க்க அழகாக இருந்தது. அப்புறம் ஒரு மழைக்காலம் வந்தது, காருக்குள் ஈரத்துணி வாடை வந்தது, எங்கிருந்து வருகிறது என்று பார்க்கக் கார்பெட்டைத் தூக்கினால் மேல்துணி மட்டும் கையோடு வந்தது, அடியில் இருந்த ரப்பர் தகட்டிலேயே திட்டுத்திட்டாக நின்றுவிட்டது. சுரண்டிச் சுரண்டி எடுத்தபோது கீழே பழுப்பு நிறத்தில் துரு. அதனால் இந்த வேலையைப் பற்றி நான் முதலில் சொல்வது இதுதான்: சுவரையும் டனலையும் ஒட்டுங்கள், தரையை ஒட்டாதீர்கள். மேல்கூரை துணியாக இருக்கிற எந்தப் பழைய காரிலும் என்றாவது ஒருநாள் தண்ணீர் வரும். வந்தால் கார்பெட்டைத் தூக்கிப் பார்க்க முடிய வேண்டும்.

எம்ஜிபியை உதாரணமாக வைத்தே சொல்கிறேன். 1962 முதல் 1980 வரை ஐந்து லட்சத்துக்கும் மேல் செய்யப்பட்ட கார், வேறு எந்தப் பழைய இரண்டு சீட்டர் வைத்திருப்பவருக்கும் இதன் அமைப்பு பெரிதாக மாறாது. ட்ரையம்ப் ஸ்பிட்ஃபயரோ ஆல்ஃபா ஸ்பைடரோ வைத்திருந்தால் ஓட்டைகளின் இடம் மாறும், வேலையின் வரிசை மாறாது.

செட் வாங்கும்போது கவனிக்க வேண்டியது மூன்று. ஒன்று, ஸ்டியரிங் எந்தப் பக்கம், எந்த வருட மாடல் என்பதைச் சரியாகச் சொல்லி வாங்குங்கள், டனலின் வடிவமும் பின்பக்கப் பேட்டரி மூடியும் மாடலைப் பொறுத்து மாறியிருக்கும். இரண்டு, துணி. பாலிப்ரொப்பிலீன் மலிவு, ஆனால் சீக்கிரம் நசுங்கிப் படிந்துவிடும். நைலான் வளைய இழை நன்றாக உழைக்கும். கம்பளி பார்க்கவும் தொடவும் தனி ரகம், ஆனால் நனைந்தால் காய நாளாகும். கூரையைத் திறந்துபோட்டு ஓட்டுகிறவர் என்றால் நைலானே போதும் என்பது என் கட்சி. மூன்று, ஓட்டுநர் காலடியில் குதிகால் உரசும் இடத்தில் ரப்பரோ வினைலோ பதித்த துண்டு இருக்கிறதா பாருங்கள். இல்லாவிட்டால் மற்ற இடமெல்லாம் புதுசாக இருக்கும்போதே அந்த ஒரு இடம் மட்டும் ஓட்டையாகும்.

வந்த செட்டை மடித்த மடிப்பிலேயே வைக்காதீர்கள். முந்தின நாளே பிரித்து வெயிலில் அல்லது சூடான அறையில் தட்டையாகப் போட்டுவிடுங்கள். மடிப்புக் கோடுகள் தானாக இறங்கும். குளிர்ந்து விறைத்த கார்பெட்டை வளைவில் படியவைக்க முயல்வது வீண் மல்லுக்கட்டு.

முதல் வேலை பேட்டரி வயரைக் கழற்றுவது. எம்ஜிபியில் பேட்டரியே சீட்டுக்குப் பின்னால், கார்பெட்டுக்கு அடியில் ஒரு தகட்டு மூடிக்குள்தான் இருக்கிறது. முந்தைய கார்களில் 6 வோல்ட் பேட்டரி இரண்டு, ரப்பர் பம்பர் வந்த பிறகு ஒரே ஒரு 12 வோல்ட். ஆக, பின்பக்கக் கார்பெட்டும் தூக்கக் கூடியதாகவே இருக்க வேண்டும் என்பதைக் காரே உங்களுக்குச் சொல்லிவிடுகிறது.

அடுத்து சீட். முன்னால் தள்ளினால் பின் போல்ட்டுகள் தெரியும், பின்னால் தள்ளினால் முன் போல்ட்டுகள் தெரியும். சொல்ல எளிது. ஐம்பது வருடத் துரு பிடித்த போல்ட் சும்மா வராது, முந்தின இரவே ஊடுருவும் எண்ணெய் அடித்து ஊறவிடுங்கள். மறுநாள் இறுகிப்போயிருந்தால் ஒரே திசையில் முறுக்காமல் கொஞ்சம் இறுக்கி, கொஞ்சம் தளர்த்தி, மறுபடி இறுக்கி என்று ஆட்டி ஆட்டி எடுங்கள். அவசரப்பட்டால் போல்ட்டின் தலை கையோடு வரும், இல்லாவிட்டால் தகட்டோடு வெல்ட் செய்த நட் பிய்த்துக்கொண்டு போல்ட்டோடு சேர்ந்து சும்மா சுற்றும். பிறகு கார்பெட் வேலை வெல்டிங் வேலையாகிவிடும். சீட் ரெயிலுக்கு அடியில் மரக் கட்டைகளோ உலோகப் பட்டைகளோ இருக்கும், அவை எது எந்தப் பக்கம் என்று குறித்து வையுங்கள். கழற்றுகிற ஒவ்வொன்றையும் போட்டோ எடுத்து, ஸ்க்ரூக்களைத் தனித்தனிப் பையில் போட்டுப் பெயர் எழுதுங்கள். கியர் லீவரின் பூட் (அதன் அடியைச் சுற்றியிருக்கும் உறை), அதைப் பிடிக்கும் வளையம், சில் (கதவுக்குக் கீழே நீளமாக ஓடும் விட்டம்) ஓரத்து அலுமினியப் பட்டை, சீட் பெல்ட் நங்கூரம், எல்லாம் வெளியே வர வேண்டும்.

பழைய கார்பெட்டைக் கழற்றும்போது கிழிந்தாலும் பரவாயில்லை, தூக்கிப் போடாதீர்கள். எந்த ஓட்டை எங்கே வர வேண்டும் என்பதற்கு அதைவிட நல்ல வரைபடம் கிடைக்காது. கடைசி சீட் போல்ட் இறுகிய பிறகு வீசலாம். இன்னொன்று, ரொம்பப் பழைய கார்களில் ஃபயர்வாலிலும் (எஞ்சினுக்கும் காலடிக்கும் நடுவே உள்ள தகட்டுச் சுவர்) டனலிலும் ஒட்டிய வெப்பத் தடுப்புப் பலகைகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்திருக்கிறது. சாம்பல் நிறத்தில் நாராகப் பிரிகிற எதையும் உலர்ந்தபடி சுரண்டாதீர்கள், தெரிந்தவரிடம் காட்டிவிட்டுத் தொடுங்கள்.

கார்பெட் போனதும் தகட்டைப் பார்த்து மனசு விட்டுப்போகலாம். இந்த இடத்தில்தான் நிதானம் வேண்டும், ஏனென்றால் ஈரம் எங்கிருந்து வந்தது என்று தெரியாமல் மேலே புதுத் துணி போடுவதில் அர்த்தமே இல்லை. விரலால் தொட்டுப் பாருங்கள். வெறும் தண்ணீரா? அப்படியானால் கண்ணாடி ரப்பர், கதவு ரப்பர், கதவின் அடியில் அடைத்துப்போன வடிகால் ஓட்டை. எம்ஜிபிக்கு என்று தனியாக ஒரு இடம் உண்டு: முன் கண்ணாடிக்கு முன்னால் காற்று போகிற ஜாலி வழியாக இறங்கும் மழைத் தண்ணீர் ஒரு சின்னக் குழாய் வழியாகக் கீழே வடிய வேண்டும், அதில் காய்ந்த இலையும் மண்ணும் அடைத்துக்கொண்டால் பெட்டி நிரம்பித் தண்ணீர் ஹீட்டர் வழியாகக் காலடிக்கு வரும். கதவு ரப்பரை இரண்டு முறை மாற்றிய பிறகுதான் எனக்கு இது தெரிந்தது. ஒரு வளைந்த கம்பியை விட்டுக் குடைந்தேன், பிரச்சினை தீர்ந்தது. ஈரம் வழவழப்பாக, கொஞ்சம் இனிப்பு வாசனையோடு இருந்தால் அது ஹீட்டரிலிருந்து கசியும் கூலன்ட். பெடல்களுக்கு நேர் கீழே, அதுவும் பெயின்ட் குமிழ்விட்டு உரிந்திருந்தால், பிரேக் அல்லது கிளட்ச் மாஸ்டர் சிலிண்டர் கசிகிறது. பிரேக் ஆயில் பெயின்ட்டைத் தின்றுவிடும். இந்தக் கடைசி ரகம் கார்பெட்டைவிட முக்கியம், முதலில் அதைச் சரிசெய்யுங்கள்.

அப்புறம் ஒரு மழுங்கிய ஸ்க்ரூடிரைவரை எடுத்துத் தரை முழுவதும், குறிப்பாகத் தரையும் சில்லும் சேர்கிற ஓரம் முழுவதும் அழுத்திப் பாருங்கள். உள்ளே இறங்கினால் அது கார்பெட் வேலை இல்லை. எம்ஜிபிக்குத் தனியாகச் சேசிஸ் கிடையாது, சில்தான் காரின் எலும்பு, அது இற்றுப்போயிருந்தால் வெல்டரிடம் போக வேண்டியதுதான். மேலோட்டத் துரு என்றால் கம்பி பிரஷ், எமரி ஷீட், துரு மாற்றும் ரசாயனம், பிரைமர், பெயின்ட், இணைப்புகளில் சீம் சீலர். வடிகால் ஓட்டைகளின் ரப்பர் மூடிகள் காய்ந்து வெடித்திருக்கும், புதிதாகப் போடுங்கள். பெயின்ட் நன்றாகக் காய இரண்டு மூன்று நாள் விட்டுவிட்டு மேலே வாருங்கள், முழுசாகக் காயாத பெயின்ட் மேல் பசை போட்டால் இரண்டும் சேர்ந்து உரிந்து வரும்.

சத்தம் குறைக்கும் ப்யூட்டைல் ஷீட்டைத் தரை முழுக்க ஒட்டுகிறவர்கள் உண்டு. தேவையில்லை. தகட்டை விரல் முட்டியால் தட்டுங்கள், டங் என்று அதிர்கிற இடத்தின் நடுவில் ஒரு துண்டு ஒட்டி ரோலரால் அழுத்தினால் அதே இடம் டொப் என்று ஆகிவிடும், பரப்பில் கால் பங்கு மூடினாலே பெரும்பாலான அதிர்வு போய்விடும். வடிகால் மூடிகள் மேல் ஒட்டாதீர்கள். டனலில் வெப்பம்தான் தொல்லை, அங்கே அலுமினிய முகம் உள்ள, தண்ணீர் உறிஞ்சாத ஃபோம் நல்லது. பழைய கார்களில் இருந்த சணல் ஃபெல்ட் இன்றும் கிடைக்கிறது, அது சத்தத்தை நன்றாகவே அடக்கும், ஆனால் ஒரு முறை நனைந்தால் ஸ்பாஞ்சு மாதிரி மாதக்கணக்கில் ஈரத்தைத் தகட்டோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டிருக்கும். அசல் தன்மை வேண்டும் என்பவர்கள் போடட்டும், நான் போடவில்லை. எதைப் போட்டாலும் மொத்தத் தடிமனைக் கணக்கில் வையுங்கள். பெடலுக்கு அடியில் இரண்டு சென்டிமீட்டர் ஏறினால் ஆக்ஸிலரேட்டர் முழுதாக இறங்காது.

இப்போது பசையில்லாமல் ஒத்திகை. எல்லாத் துண்டுகளையும் காருக்குள் அதனதன் இடத்தில் போட்டு, மாஸ்கிங் டேப்பால் பிடித்து, ஒரு முழு மாலை செலவழியுங்கள். எது எதன் மேல் ஏறுகிறது என்பது இங்கேதான் புரியும். பொதுவான வரிசை: ஃபயர்வாலும் காலடிப் பக்கச் சுவர்களும், அப்புறம் டனல், அப்புறம் சில்கள், பின்பக்கச் சுவரும் வீல் ஆர்ச்சும் (சக்கரத்துக்கு மேல் வளைந்திருக்கும் தகடு), கடைசியில் தரை. தரைத் துண்டின் ஓரம் மற்ற எல்லாவற்றின் அடி ஓரத்தையும் மூட வேண்டும், தைத்து மடித்த விளிம்பு கண்ணுக்குத் தெரிகிற பக்கம் வர வேண்டும். தூவி, அதாவது கார்பெட்டின் மேல் நிற்கும் இழை, எந்தப் பக்கம் சாய்கிறது என்று கையால் தடவிப் பாருங்கள். இடது துண்டு முன்னோக்கியும் வலது துண்டு பின்னோக்கியும் சாய்ந்தால் ஒரே துணி இரண்டு நிறமாகத் தெரியும். டனலின் நடுக்கோட்டைத் தகட்டிலும் கார்பெட்டின் பின்பக்கமும் சாக்பீஸால் போட்டுவிடுங்கள், ஒட்டும்போது அதுதான் கைகொடுக்கும்.

ஓட்டைகள் வெட்டுவதில் ஒரே விதி, சின்னதாக வெட்டு. கியர் லீவருக்கு வட்டம் வெட்டாதீர்கள், முதலில் ஒரு பெருக்கல் குறி போல் கீறி, லீவரை அதன் வழியே விட்டு, கார்பெட் படிந்த பிறகு முனைகளைக் கொஞ்சம் கொஞ்சமாக வெட்டுங்கள். பூட் வளையம் மூடுகிற எல்லைக்குள் வெட்டு நிற்க வேண்டும். ஹேண்ட்பிரேக்குக்கும் அப்படியே. ஆரம்பக் கால எம்ஜிபி என்றால் டனலில் ஒரு ரப்பர் மூடி இருக்கும், கியர்பாக்ஸ் ஆயில் அளவு பார்க்கும் குச்சிக்கு அதுதான் வழி. அதன் மேல் கார்பெட்டை ஒட்டி மூடிவிட்டால் அடுத்த ஆயில் சோதனையில் உங்களையே திட்டிக்கொள்வீர்கள். மூன்று பக்கம் கீறி மடல் மாதிரி விடுங்கள்.

போல்ட் ஓட்டைகளுக்கு டிரில் மெஷினைக் கார்பெட் பக்கமே கொண்டுவராதீர்கள். வளைய இழைக் கார்பெட்டில் டிரில் பிட் ஒரு இழையைக் கவ்வினால் போதும், அந்த வரிசை முழுவதும் ஸ்வெட்டர் நூல் பிரிகிற மாதிரி உருவிக்கொண்டு பிட்டில் சுற்றிக்கொள்ளும். எனக்கு ஒரு சாண் நீளத்துக்கு வழுக்கைக் கோடு விழுந்தது, கண்ணை மூடித் திறப்பதற்குள் முடிந்துவிட்டது. நல்லவேளை சீட்டுக்கு அடியில். சரியான முறை இது: காருக்கு அடியிலிருந்து, அல்லது ஓட்டை இருக்கும் இடத்தை மேலிருந்து தடவிக் கண்டுபிடித்து, ஒரு குத்தூசியால் துளையின் நடுவில் குத்துங்கள். குத்திய இடத்தில் சூடான சோல்டரிங் அயர்னை நேராக இறக்குங்கள். நைலானும் பாலிப்ரொப்பிலீனும் உருகி, ஓட்டையின் ஓரத்தில் ஒரு வளையமாக இறுகிவிடும், பிறகு ஒரு இழைகூடப் பிரியாது. புகை நாற்றமடிக்கும், கதவைத் திறந்து வையுங்கள், பக்கத்தில் பசை டப்பா இருக்கக்கூடாது. கம்பளி உருகாது, முடி கருகிய நாற்றம்தான் வரும். அதற்குத் தோல் குத்தும் பஞ்ச், ஓரத்தில் ஒரு துளி பசை.

ஒட்டுவதற்கு வெப்பம் தாங்கும் கான்டாக்ட் பசை வேண்டும், டின்னோ ஸ்ப்ரேயோ, வெயிலில் நிற்கும் காரும் டனலும் சேர்ந்து சாதாரண கைவினை ஸ்ப்ரேயை இளக்கிவிடும். டப்பாவில் வெப்ப அளவு போட்டிருக்கும், 80 டிகிரி செல்சியஸோ அதற்கு மேலோ தாங்குவதாகப் பாருங்கள். தகட்டையும் கார்பெட்டின் முதுகையும் துடைத்து, இரண்டிலும் மெல்லிய பூச்சு. தடிமனாகப் பூசினால் பசை ஊறி மேலே எட்டிப்பார்க்கும். பிறகு காத்திருங்கள். தொட்டால் விரலில் ஒட்டாமல், ஆனால் பிசுபிசுப்பு தெரிகிற நிலைக்கு பத்து பதினைந்து நிமிடம் ஆகும். அவசரப்பட்டு ஈரத்தில் ஒட்டினால் வழுக்கும், பிடிக்காது. கதவுகளும் கூரையும் திறந்திருக்கட்டும், இந்த ஆவி தலையைச் சுற்றவைக்கும், தீயும் பிடிக்கும்.

டனல்தான் இருப்பதில் பெரிய துண்டு, கடினமான துண்டும் அதுதான். கான்டாக்ட் பசை ஒரு முறை தொட்டால் தொட்டதுதான், நகர்த்த விடாது. அதனால் பசை பூசி ஆறிய தகட்டின் மேல் பிரவுன் பேப்பரைப் பரப்பி, அதன் மேல் கார்பெட்டை வைத்து, சாக்பீஸ் கோட்டோடு கோடு சேர்த்து நிறுத்துங்கள். பேப்பர் ஆறிய பசையில் ஒட்டாது. எல்லாம் சரியாக நின்ற பிறகு பேப்பரைக் கையளவு உருவி, அந்த இடத்தை அழுத்தி, மறுபடி உருவி, மறுபடி அழுத்தி என்று போங்கள். நடுவிலிருந்து கீழ்நோக்கி உள்ளங்கையால் தள்ளுங்கள், சுருக்கம் ஓரத்துக்குப் போய்விடும். ஓரத்தை முதலில் ஒட்டினால் அதே சுருக்கம் நடுவில் மலையாக நிற்கும்.

வீல் ஆர்ச் இரண்டு திசையில் வளைகிற பரப்பு, துணி அங்கே தானாகப் படியாது. ஹீட் கன்னைத் தூரத்தில் பிடித்து முதுகுப் பக்கத்தைச் சூடாக்கி, இழுத்து ஒட்டுங்கள். தூவியில் நேரடியாகக் காட்டினால் பளபளவென்று உருகிய திட்டு விழும், அது போகவே போகாது. மீதிச் சுருக்கத்துக்கு, வேறு துண்டு மேலே வந்து மூடப்போகிற ஓரத்தில் சின்னக் கீறல்கள் போட்டுக்கொள்ளலாம். சில் துண்டுகள் எளிது, அலுமினியப் பட்டை எப்படியும் அழுத்திப் பிடிக்கும். கதவை மூடிப் பாருங்கள், ரப்பரில் கார்பெட் இடித்துக் கதவு சரியாக மூடாமல் போவதுண்டு.

தரைக்கு வருவோம். இங்கே பசை இல்லை, பிரஸ் பட்டன். மேல் பாதி நகங்கள் உள்ள வளையமாக வரும், கார்பெட்டில் குத்தி பின்னால் மடக்க வேண்டும். கீழ்ப் பாதி தகட்டில் ஸ்க்ரூவால் நிற்கும். பழைய ஓட்டைகள் இருந்தால் அதிர்ஷ்டம். புதிதாகத் துளையிடுவதானால் முதலில் காருக்கு அடியில் படுத்துப் பாருங்கள், விளையாட்டில்லை, பிரேக் பைப்பும் பெட்ரோல் பைப்பும் பேட்டரியின் தடித்த கேபிளும் தரைக்கு அடியில்தான் ஓடுகின்றன. பிட்டில் டேப் சுற்றி ஆழத்தைக் கட்டுப்படுத்துங்கள், குட்டையான ஸ்க்ரூ போடுங்கள், துளையின் ஓரத்தில் பெயின்ட்டோ வாக்ஸோ தடவுங்கள், இல்லாவிட்டால் துரு அந்த ஓட்டையிலிருந்தே தொடங்கும். கீழ் பட்டன்களை முதலில் பொருத்தி, அதன் தலையில் சாக்பீஸ் பொடி தடவி, கார்பெட்டை மேலே வைத்து அழுத்தினால் பின்பக்கம் வெள்ளைப் புள்ளி விழும். மேல் பாதி அந்தப் புள்ளியில். ஒரு பக்கத்துக்கு நாலு போதும். ஓட்டுநர் பக்கம் மட்டும் பெடலுக்கு அருகே கூடுதலாக ஒன்று போடுங்கள், அந்த முனை சுருண்டு மேலே வரவே கூடாது.

சீட்டைத் திரும்ப வைக்கும்போது ரெயிலோ அதன் கட்டையோ கார்பெட் மேல் உட்காரக் கூடாது. அந்த அளவுக்குக் கார்பெட்டை வெட்டி, கட்டை நேராகத் தகட்டில் உட்கார வேண்டும். நடுவில் துணி இருந்தால் இன்று இறுக்கிய போல்ட், துணி நசுங்க நசுங்கத் தளர்ந்துவிடும். சீட் பெல்ட் போல்ட்டுக்கு இது இன்னும் கண்டிப்பு. அது 7/16 அங்குலம், அங்குலத்துக்கு 20 மரை. மில்லிமீட்டர் போல்ட் ஒன்று ஏறுகிற மாதிரி தெரிந்தாலும் முறுக்காதீர்கள். எல்லா போல்ட்டையும் முதலில் கையால் இரண்டு மூன்று சுற்று ஏற்றிவிட்டுப் பிறகுதான் ஸ்பானர்.

எஞ்சினை ஸ்டார்ட் செய்வதற்கு முன் சீட்டில் உட்கார்ந்து மூன்று பெடலையும் தரைவரை மிதித்துவிடுங்கள். ஆக்ஸிலரேட்டர் முழுதாக இறங்குகிறதா, அதைவிட முக்கியம், விட்டதும் எங்கும் உரசாமல் சட்டென்று மேலே வருகிறதா? பானெட்டைத் திறந்து ஒருவரைக் கார்புரேட்டரைப் பார்க்கச் சொல்லி நீங்கள் மிதியுங்கள். கார்பெட் ஓரம் பெடலைத் தொட்டால் தயவுதாட்சண்யம் இல்லாமல் வெட்டுங்கள்.

முதல் இரண்டு வாரம் தூவி உதிரும், அது சகஜம், வேக்குவம் பிரஷ் இல்லாமல் மெதுவாக இழுத்தால் போதும். முதல் மழை பெய்த மறுநாள் நாலு பட்டனைத் திறந்து தரைக் கார்பெட்டைத் தூக்கித் தகட்டைத் தடவிப் பாருங்கள். எனக்குப் பயணி பக்கம் ஒரு ஓரம் ஈரமாக இருந்தது. கண்ணாடி ரப்பரின் கீழ் மூலை. கார்பெட்டை வெளியே எடுத்து வெயிலில் போட்டேன், மூலையில் சீலன்ட் வைத்தேன், மாலையில் திரும்பப் பட்டன் போட்டு மூடினேன்.